எடை குறைப்பு ஆபரேஷனுக்கு அப்புறம்: நம்ம ஊர்ச் சாப்பாடு, சில கேள்விகள்

பாளையங்கோட்டையில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். எடை குறைய ஸ்லீவ் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுப்பது), பைபாஸ் (இரைப்பையைச் சின்னப் பையாக்கிக் குடலோடு இணைப்பது, இதய பைபாஸ் இல்லை) செய்துகொண்ட சிலர் கேட்டவற்றுக்கு இங்கே பதில். உங்கள் மருத்துவர் கொடுத்த அட்டவணையோடு நான் சொல்வது முட்டினால், அவர் சொன்னதையே கேளுங்கள்.

அக்கா, ஆபரேஷன் முடிந்து 12 நாள். கஞ்சித்தண்ணியும் பருப்புத்தண்ணியும்தான் ஓடுகிறது. இட்லி எப்போது? (அம்பாசமுத்திரம்)

பெரும்பாலும் முதல் இரண்டு வாரம் நீராகாரம், அடுத்த இரண்டு வாரம் மசித்தது, அப்புறம் மெத்தென்றவை. உள்ளே தையல் போட்ட இடம் ஆற வேண்டுமே. இட்லி ஐந்தாவது வாரம் வாக்கில், சாம்பாரில் நன்றாக ஊற வைத்து. அதுவரை வடிகட்டிய பருப்புத்தண்ணியை நம்பாதீர்கள், அதில் தண்ணிதான் இருக்கிறது. மருத்துவர் சொன்ன புரதப் பொடியை ஆடை நீக்கிய பாலிலோ மோரிலோ கலந்து குடியுங்கள்.

நாங்கள் சைவம், முட்டையும் கிடையாது. தினம் 60 கிராம் புரதம் என்கிறார்கள். எங்கே போவது? (கல்லிடைக்குறிச்சி, மூன்றாவது மாதம்)

கஷ்டம்தான், மறைக்கவில்லை. 60 முதல் 80 கிராம் வரை வேண்டும், வயிறோ ஒரு சின்னக் கிண்ணத்துக்கு மேல் தாங்காது. 100 கிராம் பனீரில் ஏறக்குறைய 18 கிராம் வரும். கெட்டியாக வேகவைத்த பருப்பு ஒரு சின்னக் கிண்ணத்தில் ஏழெட்டு கிராம். தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, கெட்டியானதைச் சாப்பிடுங்கள். முளைகட்டிய பாசிப்பயறை வேகவைத்து மசியுங்கள். அப்படியும் குறையும், பொடியை விடாதீர்கள்.

உளுந்தங்களி சத்துதானே என்று வீட்டில் ஆச்சி கிண்டிக் கொடுப்பார். உளுந்து நல்லதுதான், கருப்பட்டியும் நல்லெண்ணெயும்தான் வம்பு. உளுந்தஞ்சோறு என்றால் உளுந்தைக் கூட்டி அரிசியைக் குறைத்து, குழைய வேகவைக்கச் சொல்லுங்கள். எந்த வேளையானாலும் பருப்போ பனீரோ முதலில், காய் அடுத்து, சோறு கடைசியில், அதுவும் இடம் இருந்தால். மற்றதையெல்லாம் சோற்றுக்குத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டே வளர்ந்த நமக்கு இதுதான் பெரிய பாடு.

மீன் நெஞ்சிலேயே நிற்கிறது. தண்ணி குடித்துத் தள்ளுகிறேன். சரியா? (திசையன்விளை, 58 வயது)

வேண்டாம் அண்ணாச்சி. சாப்பாட்டோடு தண்ணி கூடாது, சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான். நாள் முழுக்க மிடறு மிடறாக ஒன்றரை லிட்டர் போகட்டும். விக்கல், திடீரென்று மூக்கில் நீர், நெஞ்சில் இறுக்கம், இதில் ஒன்று வந்தாலும் அந்த வாயோடு நிறுத்துங்கள். பொரித்த மீனை விட்டுவிட்டு, குழம்பில் வெந்த சாளையை முள் பார்த்து நகக்கண் அளவு பிய்த்து, கூழாகும் வரை மெல்லுங்கள். தண்ணிகூட நிற்காமல் வாந்தி வந்தால் வீட்டில் கைவைத்தியம் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். வாந்தி நீடித்தால் பி1 வைட்டமின் குறைந்து நரம்பைப் பாதிக்கும்.

பைபாஸ் முடிந்து ஐந்து மாதம். மைனி வீட்டில் இரண்டு துண்டு அல்வா. கால் மணி நேரத்தில் வேர்த்து, படபடத்து, வயிற்றாலே போய்விட்டது! (தச்சநல்லூர்)

'டம்பிங்' என்பார்கள். சர்க்கரை வயிற்றில் தங்காமல் நேரே குடலுக்குள் இறங்க, அது தண்ணீரை உள்ளே இழுக்கிறது. சிலருக்கு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை இறங்கித் தலை சுற்றும். ஸ்லீவ் செய்தவர்களுக்கும் வரலாம். பதநீரும் இதே கணக்குதான். மைனியிடம், "பொதிந்து கொடுங்க, பிள்ளைகளுக்குக் கொண்டுபோறேன்" என்று வாங்கிக்கொள்ளுங்கள்.

பன்னீர் சோடா? (டவுன்)

வேண்டாம்.

நாலாவது மாதம், முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. (மேலப்பாளையம்)

எடை வேகமாக இறங்கும்போது மூன்றாவது மாதத்திலிருந்து இப்படி ஆவது வழக்கம், பெரும்பாலும் திரும்ப வளரும். புரதமும் இரும்பும் குறைந்தால் நீளும். இரும்பு மாத்திரையையும் கால்சியத்தையும் இரண்டு மணி நேர இடைவெளியில் போடுங்கள், டீயோடு இரும்பு வேண்டாம். வைட்டமின் மாத்திரைகள் ஆயுசுக்கும்.

தம்பிக்குக் கல்யாணம், மறுவீட்டில் சொதிச் சாப்பாடு. ஆறு மாதம் ஆகிறது. இலையில் உட்காரலாமா? (சங்கரன்கோவில்)

தாராளமாக. கெட்டித் தேங்காய்ப்பால் மேலே நிற்கும், அதைத் தவிர்த்து அடியிலிருந்து பாசிப்பருப்பும் காயும் அள்ளிப் போடச் சொல்லுங்கள். சோறு இரண்டு வாய். பாயசம் வரும் முன்னே இலையை மூடிவிடுங்கள். பரிமாறும் அத்தையிடம் முதல் நாளே சொல்லி வைத்துவிட்டால் சண்டை மிச்சம்.