புரட்டாசி கழிந்து ஐப்பசி பிறக்கும்போது: வயல்வெளியில் கேமராவோடு

வெளிநாட்டுப் படங்களில் இலைகள் சிவந்து உதிர்கின்றன. நம் ஊரில் பருவம் மாறுவதைக் காட்ட என்ன இருக்கிறது? (மதுரை வாசகி)

வேலியோரம் போய் நில்லுங்கள், செங்காந்தள் ஏறியிருக்கும். கார்த்திகைப் பூ என்று பாட்டிமார் சொல்வது இதைத்தான். இதழ் பச்சையாக விரிந்து, மஞ்சளாகி, கடைசியில் தீப்போலச் சிவக்கும். ஒரே பூவை ஒரு வாரம், தினமும் அதே இடத்தில் நின்று எடுத்துப் பாருங்கள். பறிக்க வேண்டாம். கிழங்கிலிருந்து விதைவரை கடும் நஞ்சு. பிள்ளைகள் உடன் வந்தால் ஒரு கண் அவர்கள்மேல் இருக்கட்டும்.

அறுவடை வயல்மேல் மஞ்சள் தட்டான்கள் கூட்டமாகச் சுற்றுகின்றன. ஒன்றுகூட உட்கார மாட்டேன் என்கிறது. எப்படி எடுப்பது? (திருவாரூர் வாசகர்)

நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் பன்டாலா ஃபிளாவெசென்ஸ் என்ற இனம். உடல் ஐந்து சென்டிமீட்டருக்கும் குறைவு. ஆனால் அது போகும் தூரத்தைக் கேளுங்கள். அக்டோபரில் இவை மாலத்தீவில் திரளாக வந்து இறங்குகின்றன. முட்டையிட நன்னீர்க் குளம் குட்டை அநேகமாக இல்லாத அந்தத் தீவுகளுக்கு இத்தனை தட்டான்கள் எங்கிருந்து வருகின்றன என்று அங்கே வாழ்ந்த கடல் உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன் யோசித்தார். இந்தியாவிலிருந்து கிளம்பி, காற்றின் துணையோடு கடல் கடந்து கிழக்கு ஆப்பிரிக்காவரை போகின்றன என்று 2009இல் எழுதினார். நம் வரப்பில் பறப்பது அப்பேர்ப்பட்ட பயணி!

பகலில் துரத்தினால் கால்தான் வலிக்கும். விடியுமுன் போங்கள். இரவில் இவை குச்சியைப் பற்றிக்கொண்டு நேர்கீழாகத் தொங்கும். போன ஐப்பசியில் ஒரு கருவேலங்கிளையில் ஒன்றைக் கண்டேன். சிறகின் ஒவ்வொரு கண்ணறையிலும் ஒரு பனித்துளி, செம்பழுப்புக் கண்மேலும் பொடிப்பொடியாக ஈரம். வெயில் ஏறி உடல் சூடாகும்வரை அதனால் பறக்க முடியாது. அந்த அரைமணி நேரம் உங்களுடையது. கேமராவைத் தட்டானின் உயரத்துக்கு இறக்கி, கண்ணில் ஃபோகஸ் வையுங்கள். சிறகு முழுவதும் தெளிவாக வர வேண்டுமென்றால் அதன் முதுகுப் பக்கமாக, விரிந்த சிறகுகளுக்கு நேர் எதிரே நில்லுங்கள். கிளையை மட்டும் தொடாதீர்கள்.

தோட்டத்தில் ஆறுமணிக்குருவியின் குரல் கேட்கிறது, ஆள் தெரியவில்லை. செல்போனில் அதன் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்கலாமா? (ஈரோடு வாசகர்)

கூடாது. இமயமலை அடிவாரத்திலிருந்தும் மத்திய இந்தியாவிலிருந்தும் இரவிரவாகப் பறந்து வந்து சேர்ந்த பறவை அது. இளைத்துப்போய் இரை தேடுகிற நேரத்தில், இல்லாத எதிரியோடு மல்லுக்கட்ட அதை இழுத்துவிடுவது அநியாயம். காய்ந்த சருகு கிடக்கும் நிழலில், அசையாமல் உட்காருங்கள். சருகைப் புரட்டிப் புழு பொறுக்க அதுவே நடந்து வரும். இரண்டு மூன்று நாள் ஏமாந்தாலும் பரவாயில்லை. நானும் அப்படித்தான் பார்த்தேன்.

காலையில் வெளியே வந்ததும் லென்ஸில் ஆவி படிகிறது. (சென்னை வாசகர்)

ஏசி அறையின் குளிர்ச்சி லென்ஸில் தங்கியிருப்பதுதான் காரணம். கேமராவைப் பையைத் திறக்காமலே அரைமணி நேரம் முன்னதாக வெளியே வைத்துவிடுங்கள். மழை தொடங்கிவிட்டால், இறுக மூடும் டப்பாவில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். ஈரத்தோடு பையில் கிடந்த லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். பிடித்தபின் துடைத்தால் போகாது.