கிட்னி பாதிப்பு உள்ளவர் மாட்டுக்கறி சாப்பிடலாமா?

அப்பாவுக்குக் கிட்னி பாதிப்பு மூன்றாம் நிலை, டயாலிசிஸ் இல்லை, வாரம் ஒருநாளாவது மாட்டுக்கறி கேட்கிறார், கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் கொடுக்கலாம், ஆனால் அளந்துதான் கொடுக்க வேண்டும். எங்கள் அப்பாவுக்கும் இதே நிலைதான், வீட்டுச் சமையல் என் பொறுப்பு.

டயாலிசிஸ் செய்யாதவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் என்பது பொதுவான கணக்கு. சிலருக்கு டாக்டர் இன்னும் குறைப்பார். 60 கிலோ எடை என்றால் ஒரு நாளைக்கு 48 கிராம். வெந்த மாட்டுக்கறி 100 கிராமில் சுமார் 26 கிராம் புரதம் இருக்கிறது, பாதி அதிலேயே போய்விடும். அதனால் கொழுப்பில்லாத பச்சைக்கறி 100 கிராம் எடுத்துச் சமையுங்கள். வெந்தால் 70, 75 கிராம்தான் நிற்கும். அன்றைக்கு முட்டையும் பருப்பும் வேண்டாம், சோறு, காய் போதும்.

ரத்தத்தில் பொட்டாசியமோ பாஸ்பரஸோ கூடுதலாக இருந்தால், கறியைச் சின்னதாக நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். இரண்டிலும் ஒரு பங்கு அதோடு போய்விடும், புரதம் பெரும்பாலும் கறியிலேயே தங்கும். பிறகு மிளகு, சீரகம், பூண்டு, வெங்காயம் போட்டு வறுவலாகச் செய்தால், உப்பு குறைந்தது அவ்வளவாகத் தெரியாது. எலும்பு சூப் உடம்புக்கு நல்லது என்று சொந்தக்காரர்கள் கொண்டுவந்து கொடுப்பார்கள், அதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஈரலும் வேண்டாம், அதில் பாஸ்பரஸ் அதிகம், யூரிக் அமிலத்தையும் ஏற்றும். உப்புக்கண்டத்தைச் சொல்லவே வேண்டாம்.

கடையில் விற்கும் 'சோடியம் குறைந்த உப்பு' பாக்கெட்டில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். கிட்னி நோயாளிக்கு அது இதயத் துடிப்பையே பாதிக்கக்கூடியது. சாதாரண உப்பையே குறைத்துப் போடுங்கள். டின் கறி, சாசேஜ், பர்கர் பாட்டி போன்றவற்றில் உப்போடு பாஸ்பேட்டும் சேர்ப்பார்கள். கறியில் இயல்பாக உள்ள பாஸ்பரஸில் பாதியளவே உடம்பில் சேரும், இப்படிச் சேர்க்கப்படுவது அநேகமாக முழுதும் சேர்ந்துவிடும். லேபிளில் 450, 451, 452 என்ற எண்களைப் பார்த்தால் வாங்காதீர்கள்.

டயாலிசிஸ் தொடங்கிவிட்டால் கணக்கு தலைகீழ். ஒவ்வொரு முறையும் புரதச் சத்து கொஞ்சம் வெளியேறுவதால் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவைப்படும். எங்கள் பெரியப்பா டயாலிசிஸுக்குப் போன பிறகும் பழைய பத்தியத்தையே பிடித்துக்கொண்டிருந்தார். கை கால் எல்லாம் மெலிந்துபோய், டயட்டீஷியன் எடுத்துச் சொன்ன பிறகுதான் மறுபடி கறி சாப்பிட ஆரம்பித்தார். கறி ஆகாது என்ற பேச்சு ஒரு வீட்டில் ஒருமுறை நுழைந்துவிட்டால் வெளியேறுவதே இல்லை. நோயாளி சத்தில்லாமல் வாடுவதைப் பார்க்கையில் எனக்கு மனசு பதறுகிறது. டயாலிசிஸ் நோயாளிகள் பலருக்கு ரத்தச்சோகையும் இருக்கும். மாட்டுக்கறியில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் எளிதாகச் சேரும், பி12-ம் உண்டு. அவர்களுக்குப் பாஸ்பரஸைக் குறைக்கும் மாத்திரை எழுதியிருந்தால், அதைச் சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால்தான் பலன்.

அப்புறம், ரத்தப் பரிசோதனைக்கு முந்தைய நாள் இரவு கறி கொடுக்காதீர்கள். கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் என்ற ரத்த அளவைச் சமைத்த இறைச்சி சில மணி நேரத்துக்கு ஏற்றிக் காட்டும், நோய் முற்றிவிட்டதோ என்று வீடே பயந்துவிடும்.