கசக்கும் சுரைக்காய் மருந்தாகுமா?

கேள்வி: எனக்கு வயது 54. சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறேன். தினமும் காலையில் வெறும் வயிற்றில் சுரைக்காய்ச் சாறு குடிப்பது வழக்கம். சென்ற வாரம், வீட்டில் எடுத்து வைத்த விதையில் முளைத்த கொடியின் முதல் காயைச் சாறாக்கினேன். கடுமையாகக் கசந்தது. பாகற்காய் போல நல்லதுதானே என்று குடித்துவிட்டேன். அரை மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்து படுத்துவிட்டேன். இந்தக் கசப்பு எங்கிருந்து வந்தது? வேக வைத்தால் போய்விடுமா?

பதில்: முதலில் உங்கள் உடல்நிலை. இப்போது நலமாக உணர்ந்தாலும், சர்க்கரை நோயாளியான நீங்கள் ரத்த அழுத்தத்தையும் சிறுநீரகச் செயல்பாட்டையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். வாந்தியில் ரத்தம் வந்தாலோ, மலம் தார்போலக் கருத்திருந்தாலோ, மயக்கம் ஏற்பட்டாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சுரைக்காயின் இந்தக் கசப்பு ஒரு நஞ்சு; அதை முறிக்கும் மருந்து இல்லை. உடல் இழந்த நீரை ஈடுசெய்து, ரத்த அழுத்தத்தைக் காப்பதே சிகிச்சை. 2010-இல் தில்லியில் கசப்பான சுரைக்காய்ச் சாறு குடித்த அறிவியலாளர் ஒருவர் இறந்தார். அதன்பின் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் நிபுணர் குழு, கசக்கும் சாற்றைக் குடிக்கவே கூடாது என்று அறிவுறுத்தியது. வேக வைத்தாலும் இந்த நஞ்சு அழிவதில்லை.

நஞ்சின் பெயர் குக்குர்பிட்டாசின். பூசணிக் குடும்பத்துச் செடிகள் தம்மைத் தின்ன வரும் உயிர்களை விரட்டுவதற்காக இதைச் செய்துகொள்கின்றன. நம் முன்னோர் பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்கு என்று தனிப்பெயரிட்டு ஒதுக்கியவை இந்தக் கசப்பை இழக்காத காட்டு வகைகளே. வெள்ளரியில் இது எப்படி உருவாகிறது என்பதை 2014-இல் சீன ஆய்வாளர்கள் விரிவாகக் காட்டினர்: கசப்பைச் செய்வதில் ஒன்பது மரபணுக்கள் பங்கேற்கின்றன, அவற்றை இலையில் முடுக்கிவிட ஒரு மரபணுவும் காயில் முடுக்கிவிட மற்றொன்றும் உள்ளன. மனிதர் தலைமுறை தலைமுறையாகக் கசக்காத காய்களின் விதையையே தேர்ந்தெடுத்ததால், காயில் உள்ள முடுக்கி அடங்கிப்போயிற்று.

கசப்பு எல்லாப் பூச்சிகளையும் விரட்டுவதில்லை என்பது இதில் எனக்கு மிகவும் வியப்பளிக்கும் செய்தி. கசப்பற்ற வெள்ளரிச் செடியைச் சிலந்திப்பேன் எளிதில் தாக்குகிறது. ஆனால் அமெரிக்காவின் வெள்ளரி வண்டுகள் கசப்பைத் தேடி வந்து தின்று, அந்த நஞ்சைத் தம் உடலில் சேமித்துத் தம்மைத் தின்ன வரும் உயிர்களிடமிருந்து தப்பிக்கின்றன.

உங்கள் கொடிக்கு வருவோம். சுரையில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியாக இருப்பதால், அருகில் கசப்பு வகை ஏதேனும் பூத்திருந்தால் அதன் மகரந்தம் எளிதில் கலந்துவிடும். அப்படிக் கலந்தாலும் அந்த ஆண்டுக் காய் கசக்காது, ஏனெனில் சதை தாய்க்கொடிக்கே உரியது; கலப்பு விதைக்குள் ஒளிந்திருந்து, அடுத்த தலைமுறைக் கொடியின் காயில்தான் வெளிப்படும். நீங்கள் எடுத்து வைத்த விதையில் நேர்ந்தது பெரும்பாலும் இதுவே. கடும் வெயிலும் நீர்ப் பற்றாக்குறையும் கசப்பைக் கூட்டக்கூடும்.

பாகற்காயின் கசப்புப் பொருள்களும் இதே வேதிக் குடும்பத்தைச் சேர்ந்தவைதாம். ஆயினும் அமைப்பில் வேறுபட்டவை, சமைத்து உண்ணும் அளவில் இத்தகைய நஞ்சாவதில்லை. அதை வைத்துச் சுரைக்காயை எடைபோட வேண்டாம். சர்க்கரைக்கென்று சுரைக்காய்ச் சாறு குடிக்க வேண்டிய தேவையும் உங்களுக்கு இல்லை. கூட்டாகவோ பொரியலாகவோ சாப்பிடுங்கள். சமைக்குமுன் ஒவ்வொரு காயிலும் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்து, கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் எறிந்துவிடுங்கள். அந்தக் கொடியைப் பிடுங்கிவிடுங்கள்; மீதமுள்ள விதைகளை விதைக்காதீர்கள், அண்டை வீட்டாருக்கும் கொடுக்காதீர்கள்.