நாள் தள்ளிப்போகும் முன்பே

ஆடி முடிந்து ஆவணி பிறந்தால், கருத்தரிக்கும் முன் என்ன செய்யவேண்டும் என்ற கேள்விகள் குவியத் தொடங்கும். புதுமணத் தம்பதியைப் பிரித்துவைத்த அந்த ஒரு மாதத்தில் யாராவது இரத்தப் பரிசோதனை செய்துகொண்டார்களா என்றால் இல்லை. ஆடிப்பால் குடித்ததோடு சரி.

அடுத்த மாதம் முதல் குழந்தைக்கு முயற்சி செய்ய இருக்கிறோம். ஃபோலிக் அமில மாத்திரையை இப்போதே தொடங்கலாமா? "நாள் தள்ளட்டும், பிறகு பார்க்கலாம்" என்கிறார் மாமியார். (திருமங்கலம் வாசகி)

இன்றே தொடங்குங்கள். குழந்தையின் மூளையாகவும் தண்டுவடமாகவும் வளரவேண்டிய குழாய், கரு உருவான 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. அது சரியாக மூட உதவுவதுதான் ஃபோலிக் அமிலம். நாள் தள்ளி, இன்னும் பத்து நாள் பார்ப்போம் என்று காத்திருந்து, அட்டையில் இரண்டு கோடு கண்டு, அஷ்டமி நவமி கழித்து எங்களிடம் வந்து சேர்வதற்குள் அந்த வேலை முடிந்துபோயிருக்கும். தினம் 400 மைக்ரோகிராம் போதும்; குறைந்தது ஒரு மாதம் முன்பே வேண்டும், மூன்று மாதம் என்றால் இன்னும் நல்லது. மருந்துக்கடையில் பெரும்பாலும் 5 மில்லிகிராம் மாத்திரையை எடுத்துத் தருவார்கள். அது பன்னிரண்டு மடங்குக்கும் மேல். முந்தைய குழந்தைக்குத் தண்டுவடக் குறை இருந்தவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள் போன்றோருக்கு அந்த அளவு தேவைப்படும்; மற்றவர்கள் அளவைக் கேட்டு வாங்குங்கள். மாமியாரிடம், "நாற்று நட்ட பிறகா அடியுரம் போடுவீர்கள்?" என்று கேட்டுப்பாருங்கள்.

மல்லிகைத் தோட்டத்தில் பூப்பறிக்கிறேன். ஹீமோகுளோபின் 8.6. தினமும் முருங்கைக்கீரை சாப்பிட்டும் ஏறவில்லை. (உசிலம்பட்டி அருகிலிருந்து)

கீரை நல்லதுதான். ஆனால் அதிலுள்ள இரும்பில் சிறு பங்கையே உடல் எடுத்துக்கொள்கிறது; 8.6-ஐக் கீரையால் மட்டும் 12-க்கு ஏற்ற முடியாது. மாத்திரை வேண்டும். எப்போது விழுங்குகிறீர்கள் என்பதும் முக்கியம். விடியலில் பறித்து முடித்து, வரப்பில் உட்கார்ந்து குடிக்கிற தேநீரோடு இரும்பு மாத்திரையையும் போட்டுக்கொள்வதாக உங்களைப் போன்ற பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். தேநீர் இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது விடுங்கள். எலுமிச்சைச் சாறோடு விழுங்கினால் நன்றாகச் சேரும். வெறுங்காலோடு தோட்டத்தில் நடப்பவருக்குக் குடலில் இரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழு இருக்கக்கூடும். பூச்சி மாத்திரையை மருத்துவரிடம் கேட்டுக் கருத்தரிக்கும் முன்பே முடித்துவிடுங்கள். மாதவிலக்கில் அதிகம் போகிறதா என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். மருந்து தெளித்த செடியில் உடனே கை வைக்காதீர்கள். பறித்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பிடாதீர்கள்.

கணவர் பரோட்டா மாஸ்டர். எல்லாப் பரிசோதனையும் எனக்கு மட்டும்தானா? (மாட்டுத்தாவணி)

இந்த வாரத்தின் நல்ல கேள்வி இது. விதைப்பை உடம்புக்கு வெளியே தொங்குவதே அதற்கு இரண்டு மூன்று டிகிரி குறைந்த வெப்பம் தேவை என்பதால்தான். மாலை முதல் நள்ளிரவு வரை தோசைக்கல்லின் அனல் இடுப்பு உயரத்தில் அடித்துக்கொண்டிருந்தால் விந்தணு குறைய வாய்ப்பு உண்டு. நடுவே அடுப்பை விட்டு விலகி நிற்கட்டும், இறுக்கமான உள்ளாடை வேண்டாம். புகையிலையையும் சிகரெட்டையும் விடவேண்டும். ஒரு விந்தணு உருவாகி முதிர ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். ஆகவே இன்று விட்டால் பலன் அதற்குப் பிறகே தெரியும். விந்துப் பரிசோதனை மலிவானது, வலி இல்லாதது. அதைத் தள்ளிப்போட்டு மனைவியை ஸ்கேன் ஸ்கேனாக அலையவைக்கும் வீடுகளைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

தாய்மாமனைத் திருமணம் செய்திருக்கிறேன். குழந்தை குறையோடு பிறக்குமா? (மேலூர்)

பிறக்கும் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன. ஆனால் ஆபத்து கூடுதல் என்பது உண்மை. பொதுவாக நூற்றில் இரண்டு மூன்று குழந்தைகளுக்குப் பிறவிக் குறை இருக்கும். அத்தை மகன், மாமன் மகள் உறவில் அது ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. தாய்மாமன் உறவு அதைவிட நெருக்கமானது. முதலில் ஒரு தாளில் குடும்ப மரம் வரையுங்கள். காது கேளாதவர், சிறுவயதில் இறந்த குழந்தை, அடிக்கடி இரத்தம் ஏற்றியவர் யார் யார்? சென்ற மாதம் இப்படி ஒரு பெண் "எங்கள் வீட்டில் யாருக்கும் எதுவும் இல்லை" என்று சொல்லிக்கொண்டிருக்க, கூட வந்த அம்மாச்சி வெற்றிலையை ஒதுக்கிவிட்டு, பேச்சு வரும் முன்பே இறந்துபோன இரண்டு பிள்ளைகளின் பெயரைச் சொன்னார். மரபியல் ஆலோசகருக்கு அந்த இரண்டு பெயர்கள்தான் வழிகாட்டும். பரம்பரையாக வரும் இரத்தக் குறையான தலசீமியாவை நீங்கள் இருவரும் பிள்ளைக்குக் கடத்தக்கூடியவர்களா என்பதற்கான இரத்தப் பரிசோதனையையும் செய்துகொள்ளுங்கள்.

பப்பாளி? (பலர்)

பழுத்தது சாப்பிடலாம்.

வலிப்புக்கு வால்ப்ரோயேட் எடுக்கிறேன். முயற்சி தொடங்கும் முன் நிறுத்திவிடட்டுமா? (வாடிப்பட்டி)

நீங்களாக ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு உயிருக்கே உலை வைக்கலாம். அதே சமயம் இந்த மருந்து கருவுக்குக் கெடுதல் செய்யக்கூடியது. நரம்பியல் மருத்துவரிடம் "குழந்தைக்குத் திட்டமிடுகிறேன்" என்ற வார்த்தையைச் சொல்லியே கேளுங்கள். வேறு மருந்துக்கு மெல்ல மாற்றிப் பார்க்கச் சில மாதங்கள் ஆகலாம். அதுவரை கருத்தடையை விடவேண்டாம். ஃபோலிக் அமில அளவையும் அவரே சொல்லட்டும்.