வாடைக்காற்றுக்குக் கம்பளிச் சட்டை

பாம்பனில் மார்கழி இரவில் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகும்போது அண்ணன் அனுப்பிய கம்பளிச் சட்டையைப் போடலாமா, நனைந்தால் வம்பாகுமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போடுங்கள். நனைந்த பருத்திச் சட்டை உடம்போடு ஒட்டிச் சூட்டை இழுத்துவிடும். கம்பளியோ தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீத ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்டும் நனைந்ததாகத் தெரியாது. ஆனால் வாடைக்காற்று அதன் நெசவுக்குள் புகுந்துவிடும். மேலே ஒரு மழைக்கோட்டு அவசியம். வலைக்கண்ணி சட்டைப் பொத்தானில் மாட்டாது என்பது உபரி லாபம். அதற்கும் மேல் லைஃப் ஜாக்கெட், ஏனென்றால் முழுக்க நனைந்த கம்பளி கனக்கும்.

கரையேறியதும் நல்ல தண்ணீரில் அலசுங்கள் (நம் பக்கம் அதற்கு எங்கே போவது என்கிறீர்களா, ஒரு வாளி போதும்). உப்பு தங்கினால் துணி ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். வெந்நீர் மட்டும் ஆகாது, சுருங்கிப் பிள்ளைகளுக்குத்தான் பொருந்தும். முறுக்காமல் பிழிந்து நிழலில் விரித்துப் போடுங்கள்.