குதிங்கால் குத்துகிறது: எந்த இன்சோல், எந்த சாக்ஸ்?

பல்லடம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 44. கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு மெஷின் ஷாப்பில் 12 வருடமாக வேலை. நாளைக்குப் பத்து மணி நேரம் சிமென்ட் தரையில் நிற்க வேண்டும். "காலைல எந்திரிச்சு மொத அடி வெக்கறப்ப ஆணி மேல மிதிச்ச மாதிரி இருக்குதுங்க. பத்து அடி நடந்தா கொஞ்சம் தேவலை. ஷிப்ட் முடியறப்ப மறுபடியும் குத்துது" என்கிறார். எக்ஸ்ரே எடுத்ததில் குதிங்கால் எலும்பு வளர்ந்திருப்பதாகச் சொன்னார்களாம். 350 ரூபாய் கொடுத்து ஒரு ஜெல் இன்சோல் வாங்கி, கம்பெனி கொடுத்த சேப்டி ஷூவுக்குள் வைத்திருக்கிறார். இப்போது விரல்கள் நெரிகின்றன. சுத்தமான காட்டன் சாக்ஸ்தான் போடுகிறார். அப்படியும் மத்தியானத்துக்குள் நனைந்து, விரலிடுக்கில் தோல் வெள்ளையாக ஊறிப் போகிறது. சர்க்கரை நோய் உள்ள அம்மாவுக்கும் இதே இன்சோலை வாங்கித் தரலாமா என்று கடைசியில் கேட்டிருக்கிறார்.

நான் பிசியோதெரபிஸ்ட். என்னிடம் கால்வலி என்று வருபவர்களில் பெரும்பாலானவர்கள் நின்றுகொண்டே பிழைப்பவர்கள்: பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் பெண்கள், கட்டிங் மாஸ்டர்கள், ஸ்பின்னிங் மில் தொழிலாளிகள், லேத் ஓட்டுகிறவர்கள். இவர் எழுதியது எனக்குப் புதிதில்லை. அதனாலேயே விரிவாகப் பதில் சொல்ல ஆசைப்படுகிறேன்.

முதலில் அந்த எலும்பு வளர்ச்சி. அதை நினைத்துப் பயப்பட வேண்டாம். வலியே இல்லாத பலருக்கும் எக்ஸ்ரே எடுத்தால் முள் மாதிரி அதே வளர்ச்சி தெரியும். உங்கள் வலி வருவது பெரும்பாலும் உள்ளங்காலில் குதிங்கால் எலும்பிலிருந்து விரல்கள் வரை ஓடும் தடித்த நார்ப்பட்டையிலிருந்து. நிற்கும்போதும் நடக்கும்போதும் பாதத்தின் வளைவைத் தாங்குவது அதுதான். ராத்திரி முழுவதும் பாதம் கீழே தொங்கிய நிலையில் அந்தப் பட்டை சுருங்கிக் கிடக்கிறது. காலையில் முதல் அடியில் உடம்பின் எடை முழுவதும் அதன் மேல் இறங்கி, ஒரே வெட்டாக இழுக்கிறது. பத்து அடியில் தளர்ந்துவிடும். நாள் முழுக்க நின்றால் மறுபடியும் கோபித்துக்கொள்ளும். நீங்கள் எழுதியிருக்கும் வரிசை அப்படியே இதுதான்.

சரி, இன்சோலுக்கு வருவோம். நீங்கள் செய்த தவறு நிறையப் பேர் செய்வது. ஷூவுக்குள் ஏற்கெனவே ஒரு அட்டை இருக்கும். அதை எடுக்காமல் அதன் மேலேயே ஜெல்லை வைத்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். ஷூவுக்குள் இருக்கும் இடம் அளவானது. நாலு மில்லிமீட்டர் உயரம் ஏற்றினால் பாதம் அத்தனை உயரம் மேலே போகிறது, விரல்கள் முன்னால் இருக்கும் இரும்புத் தொப்பியில் இடிக்கின்றன. சாதாரண ஷூ என்றால் மேல்தோல் கொஞ்சம் இளகிக் கொடுக்கும். சேப்டி ஷூவின் இரும்பு கொடுக்காது. பழைய அட்டையை வெளியே எடுங்கள். புது இன்சோலின் மேல் அதை வைத்துப் பேனாவால் கோடு போட்டு, முன்பக்கம் மட்டும் வெட்டுங்கள். குதிங்கால் பக்கம் கத்தரி படவே கூடாது, அங்கே இருக்கும் கிண்ணம்தான் உங்களுக்கு வேண்டியது.

இன்னொரு விஷயம். உடம்பில் சேரும் நிலைமின்சாரத்தால் தீப்பொறி பறந்தால் ஆபத்தாகும் இடங்களில், அந்த மின்சாரத்தைத் தரைக்குக் கடத்திவிடும் ஆன்டி-ஸ்டேட்டிக் ஷூ கொடுத்திருப்பார்கள். அந்த ஷூவின் அட்டையும் அந்தப் பாதுகாப்பில் ஒரு பங்கு. உங்கள் ஷூ அந்த வகை என்றால் சேப்டி ஆபீசரிடம் கேட்காமல் மாற்றாதீர்கள்.

ஜெல் இன்சோலைக் கையில் எடுத்து அமுக்கினால் மெத்தென்று இருக்கும், கடையில் மனது அதற்கே போகும். ஆனால் ஜெல் அதிர்ச்சியை வாங்குமே தவிர, வளைவைத் தாங்காது. கனமும் அதிகம், காற்றும் புகாது, பாதம் வியர்க்கும். குதிங்கால் வலிக்கு நான் சொல்வது ஈ.வி.ஏ. என்கிற கெட்டி நுரையில் செய்தது: நடுவில் வளைவுக்கு ஒரு மேடு, பின்னால் குதிங்காலை மூன்று பக்கமும் பிடித்துக்கொள்ளும் ஆழமான கிண்ணம். வாங்கும் முன் அந்த மேட்டைப் பெருவிரலால் பலமாக அழுத்துங்கள். பஞ்சு போல் அமுங்கிப் போனால் உங்கள் 70, 80 கிலோவுக்கு அது ஒரு வாரம்கூடத் தாங்காது. லேசாக இறங்கி உடனே எழுந்தால் சரி. பாதத்தை அச்செடுத்துத் தனியாகச் செய்யும் இன்சோலுக்குப் பல மடங்கு செலவாகும். குதிங்கால் வலியைப் பொறுத்தவரை, நல்ல ரெடிமேட் இன்சோலுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பது ஆராய்ச்சிகளிலும் வந்திருக்கிறது. முதலில் ரெடிமேட்டைப் போட்டுப் பாருங்கள்.

புதிதாகப் போட்ட அன்றே முழு ஷிப்ட் நிற்காதீர்கள். முதல் நாள் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு என்று ஒரு வாரத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வளைவு வலிக்கும், "இது எனக்கு ஆகாது" என்று தூக்கி எறிந்துவிடுவீர்கள்.

இனி சாக்ஸ். இதைக் கொங்கு நாட்டில் உட்கார்ந்து சொல்வது எனக்கே கொஞ்சம் சங்கடம்தான். நம் வீட்டில் அப்பாவோ மாமாவோ யாராவது பஞ்சிலோ நூலிலோ பனியனிலோ இருந்திருப்பார்கள். காட்டன் என்றால் நல்லது, பாலியெஸ்டர் என்றால் மட்டம் என்று சின்ன வயதிலிருந்தே நம் காதில் விழுந்திருக்கிறது. சட்டைக்கும் பனியனுக்கும் அது சரி. பத்து மணி நேரம் மூடிய ஷூவுக்குள் இருக்கும் சாக்ஸுக்குச் சரியில்லை.

காரணம் மில்லில் வேலை செய்தவர்களுக்கே தெரியும். 65 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றில் வைத்தால் பருத்தி தன் எடையில் சுமார் 8.5 சதவீதம் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. பாலியெஸ்டர் வெறும் 0.4 சதவீதம். பனியனில் அது வரம்: வேர்வையை வாங்கிக் காற்றில் காயவிடுகிறது. ஷூவுக்குள் காற்று ஏது? வாங்கிய ஈரம் அங்கேயே தங்குகிறது. ஈரமான தோல் மென்மையாகி, சாக்ஸோடு ஒட்டிக்கொண்டு இழுபடுகிறது. கொப்புளம் வருவதும், விரலிடுக்கு ஊறி சேத்துப்புண் பிடிப்பதும் இந்த ஈரத்தால்தான்.

நான் பட்டும் கற்றுக்கொண்டேன். ஒரு தைப்பூசத்துக்குத் தாராபுரம் வழியாகப் பழனிக்கு நடந்தபோது, புத்தம்புது காட்டன் சாக்ஸும் ஷூவும் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வழியில் பக்தர்களுக்காக ரோட்டில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். சாக்ஸ் நனைந்தது. காய்ந்துவிடும் என்று நடந்துகொண்டே இருந்தேன். தாராபுரத்தில் கழற்றிப் பார்த்தபோது இரண்டு குதிங்காலிலும் எட்டணா அகலத்துக்குக் கொப்புளம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் பையிலிருந்து காய்ந்த சாக்ஸ் எடுத்துக் கொடுத்து, "தண்ணி குடிக்க நிக்கறப்பெல்லாம் மாத்தோணுங் தம்பி" என்றார். அன்றிலிருந்து என்னிடம் வருகிற ஒவ்வொருவருக்கும் அதையே சொல்கிறேன்.

ஆகவே உங்களுக்கு: பாலியெஸ்டர் அல்லது நைலான் பாதிக்கு மேல் இருக்கும் சாக்ஸ், கூடவே கொஞ்சம் ஸ்பான்டெக்ஸ், அதாவது ரப்பர் மாதிரி இழுபடும் நூல். விளையாட்டுச் சாமான் கடைகளில் ஓடுகிறவர்களுக்கென்று விற்பவை பெரும்பாலும் இந்த வகை. பாக்கெட்டின் பின்னால் சதவீதம் போட்டிருக்கும், முன்னால் இருக்கும் பெரிய எழுத்தை நம்பாமல் அதைப் படியுங்கள். சின்ன அளவில் காட்டன் கலந்திருந்தால் பரவாயில்லை. மெரினோ கம்பளி சாக்ஸ் இன்னும் நன்றாக இருக்கும், ஈரத்தையும் நாற்றத்தையும் தாங்கும், விலைதான் அதிகம். பாதத்தின் அடியில் மட்டும் டெர்ரி இருக்க வேண்டும், அதாவது உள்பக்கம் டவல் மாதிரிச் சுருள் நூல். முழு சாக்ஸும் டெர்ரி என்றால் நம் வெயிலுக்கும் உங்கள் ஷூவின் இடத்துக்கும் ஒத்துவராது.

வாங்கும்போது உள்ளே திருப்பி, விரல் பக்கத் தையலை நகத்தால் தடவுங்கள். ஓவர்லாக் அடித்த மாதிரிக் கயிறாகத் தடித்திருந்தால், சேப்டி ஷூவுக்குள் அது சுண்டுவிரலை அறுக்கும். லிங்க்கிங் செய்தது, அதாவது கண்ணிக்குக் கண்ணி கோத்து மூடியது, தட்டையாக, நகத்துக்குத் தெரியாமல் போகும். திருப்பூர்க்காரர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தங்கள் காலுக்கு வாங்கும்போது மட்டும் ஏனோ பார்க்க மறந்துவிடுகிறார்கள். மேல்பக்க எலாஸ்டிக் மாலையில் கெண்டைக்காலில் பள்ளம் விழும் அளவுக்கு இறுக்கக் கூடாது.

ஒரு ஷிப்டுக்கு இரண்டு ஜோடி. சாப்பாட்டு நேரத்தில் கழற்றி, காலைத் துடைத்து, விரலிடுக்கைத் தனியாக ஒற்றி, ஐந்து நிமிஷம் காற்றாட விட்டுவிட்டு, காய்ந்ததைப் போடுங்கள். எத்தனை விலை சாக்ஸ் வாங்கினாலும் இந்த ஐந்து நிமிஷத்துக்கு ஈடாகாது. துவைக்கும்போது உள்பக்கம் வெளியே திருப்புங்கள். மணத்துக்காக ஊற்றும் கண்டிஷனர் வேண்டாம், அது நூலின் மேல் படிந்து ஈரம் கடத்துவதைக் கெடுக்கிறது. ராத்திரி ஷூவிலிருந்து இன்சோலை வெளியே எடுத்து வையுங்கள். விரலிடுக்கில் ஊறல் ஏற்கெனவே இருப்பதால், மருந்துக் கடையில் பூஞ்சைக்கான கிளாட்ரிமசோல் களிம்பு வாங்கி, மருந்துப் பெட்டியில் சொன்ன நாள் வரை போடுங்கள். அரிப்பு நின்றதும் நிறுத்தினால் திரும்ப வரும். இரண்டு மூன்று வாரத்தில் அடங்காவிட்டால் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

சாக்ஸும் இன்சோலும் முடிவான பிறகு ஷூ அளவைப் பாருங்கள். அடுத்த முறை கம்பெனியில் அளவு கேட்கும்போது பழக்கத்தில் பழைய நம்பரைச் சொல்லிவிடாதீர்கள். மாலையில் பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். அப்போது அந்த சாக்ஸைப் போட்டு, அந்த இன்சோலை உள்ளே வைத்து, நின்றபடி பாருங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் வேண்டும். இரண்டு காலும் ஒரே அளவாக இருக்காது, பெரிய காலுக்கு எடுங்கள்.

இவ்வளவும் செய்துவிட்டு வீட்டுக்கு வந்து வெறுங்காலில் டைல்ஸ் தரையில் நடந்தால் பாதிப் பலன் போய்விடும். செருப்பை வாசலில் விடுவது நம் வழக்கம், அதை நான் மாற்றச் சொல்லவில்லை. வீட்டுக்குள் மட்டும் போட, வெளியே போகாத ஒரு மெத்தென்ற செருப்பைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் முதல் அடி அதில்தான் விழ வேண்டும். அதற்கும் முன்னால், படுக்கையில் உட்கார்ந்தபடி வலிக்கும் காலை மறு தொடை மேல் போட்டு, விரல்களைக் கையால் பிடித்து முழங்கால் பக்கம் இழுங்கள். உள்ளங்கால் நார் கம்பி மாதிரி விறைப்பது மறு கைக்குத் தெரியும். பத்து எண்ணும் வரை பிடித்து விடுங்கள்; இப்படிப் பத்து முறை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. கெண்டைக்காலுக்கு, சுவரில் கை ஊன்றி ஒரு காலைப் பின்னால் நீட்டி, குதிங்கால் தரையை விட்டு எழும்பாமல் அரை நிமிஷம் நிற்பது. சாயந்தரம் தண்ணீர் பாட்டிலை ஐஸாக்கி, பாதத்தின் அடியில் பத்து நிமிஷம் உருட்டலாம்.

அவசரப்படாதீர்கள். இந்த வலி வாரங்களில் போவதில்லை, மாதங்கள் ஆகும். பெரும்பாலானவர்களுக்கு ஊசியும் ஆபரேஷனும் இல்லாமலே ஒரு வருடத்துக்குள் சரியாகிவிடும். ஆனால் மரத்துப்போவது, எரிச்சல், படுத்திருக்கும்போதும் வலி, வீக்கம், காய்ச்சல் இதில் எது இருந்தாலும் மருத்துவரை உடனே பாருங்கள்.

அம்மாவுக்கு இந்த இன்சோல் வேண்டாம். சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால், உங்களுக்கு "நெரிக்குது" என்று தெரிகிற அழுத்தம் அவருக்குத் தெரியாது. புண்ணாகிச் சீழ் வைத்த பிறகுதான் வீட்டில் பார்ப்பார்கள். முதலில் அவரை சர்க்கரை மருத்துவரிடம் கூட்டிப்போய், 10 கிராம் நைலான் இழையால் பாதத்தின் உணர்ச்சியைச் சோதிக்கச் சொல்லுங்கள். நிமிஷத்தில் முடிகிற சோதனை, வலிக்காது. உணர்ச்சி குறைந்திருந்தால் பின்பக்கம் வார் வைத்த எம்.சி.ஆர். (நுண்துளைகள் உள்ள மெத்தென்ற ரப்பர்) செருப்பு, அளவெடுத்துச் செய்தது. சாக்ஸ் போடுவதாக இருந்தால் வெள்ளை நிறம், தையல் இல்லாதது. சின்னக் காயமானாலும் ரத்தக்கறை தெரிந்துவிடும். கால் மரத்துப்போனால் நம் வீடுகளில் முதலில் செய்வது சுடுதண்ணீரில் வைப்பது. அதை அவர் செய்யவே கூடாது, சூடு தெரியாமல் வெந்துவிடும். செருப்பு போடும் முன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்ப்பதையும், தினமும் ராத்திரி அவர் உள்ளங்காலை வெளிச்சத்தில் பார்ப்பதையும் நீங்களே செய்யுங்கள். குனிந்து பார்க்க அவரால் முடியாமல் இருக்கலாம், கேட்கவும் மாட்டார்.