வரவேற்பில் நிற்பவர்கள்

மதிப்பிற்குரிய எழுத்தாளர் அவர்களுக்கு,

நான் ஒரு பல்கலைக்கழகத்தில் வேதியியல் கற்பிக்கிறேன். மகளிர் விடுதியின் துணைக் காப்பாளராகவும் இருக்கிறேன். சென்ற மாதம் முதுகலை முதலாண்டு மாணவி ஒருத்தி ஆய்வகத்தில் மயங்கி விழுந்தாள். உடல் இளைப்பதற்காக மூன்று வாரங்களாக இரவு உணவைத் தவிர்த்து வந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. அறைத்தோழிகள் அவளைக் கேலி செய்தவர்கள் அல்லர். அவர்களும் அதையேதான் வேறு வகைகளில் செய்துகொண்டிருக்கிறார்கள். வெளியிலிருந்து ஒரு பேச்சாளரை அழைத்து, 'ஒவ்வொருவரும் அழகே' என்ற தலைப்பில் ஒரு நாள் நிகழ்ச்சி நடத்த எண்ணுகிறோம். அது பயன் தருமா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அந்தத் தலைப்பை மாற்றிவிடுங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். 'ஒவ்வொருவரும் அழகே' என்னும்போது அழகு என்ற அளவுகோலை அப்படியே வைத்துக்கொண்டு எல்லோருக்கும் முழு மதிப்பெண் போடுகிறோம். இருபது வயதுப் பெண் அதை நம்பமாட்டாள், ஏனெனில் அந்த மதிப்பெண் உண்மையில் எப்படிப் போடப்படுகிறது என்பதை அவள் தன் கல்லூரியிலேயே பார்த்திருக்கிறாள். உங்கள் நிகழ்ச்சியன்று அரங்க வாசலில் சந்தனக் கிண்ணமும் பன்னீர்ச் செம்பும் ஏந்தி நிற்கப்போகும் மாணவியரை யார், எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள்? நான் படித்த கல்லூரியில் ஒவ்வோர் ஆண்டும் ஒரு பேராசிரியை வகுப்புக்குள் வந்து, எங்கள் முகங்களை ஒரு சுற்றுப் பார்த்து, நிறமும் உயரமும் உள்ள ஆறு பேரைச் சுட்டி எழுப்புவார். மூன்று ஆண்டுகளும் அந்த விரல் என்னைத் தாண்டிச் சென்றது. அவர் எங்களிடம் அன்பாகவே இருந்தவர். ஒரு கடுஞ்சொல் கூடச் சொன்னதில்லை. ஆயினும் என் உடலைப் பற்றி நான் கற்ற பாடங்களில் அதுவே மிக நீண்ட காலம் என்னுடன் இருந்தது. ஆகவே இந்த முறை வரவேற்புக் குழுவைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுங்கள். நடன வரிசையிலும் அவ்வாறே நிறத்தையும் பருமனையும் பார்த்து முன்னும் பின்னும் நிறுத்துவதை விட்டுவிடுங்கள். எந்தப் பேச்சாளரின் சொற்பொழிவை விடவும் மாணவியர் இதை உடனே புரிந்துகொள்வார்கள்.

இதில் ஆய்வாளர்கள் கண்டறிந்த ஒன்றும் உங்களுக்கு உதவும். அமெரிக்காவில் எரிக் ஸ்டைஸ் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய 'பாடி ப்ராஜெக்ட்' என்னும் பயிற்சியில் மாணவியருக்கு யாரும் அறிவுரை சொல்வதில்லை. மெலிந்த உடலே சிறந்தது என்ற எண்ணத்தை எதிர்த்து அவர்களையே பேசவும், எழுதவும், நடித்துக் காட்டவும் வைக்கிறார்கள். அந்த எண்ணத்தைத் துரத்துவதால் இழக்க நேர்வது என்ன என்று தம்மை விட இளைய ஒரு பெண்ணுக்குக் கடிதம் எழுதுவது அதில் ஒரு பகுதி. தன் வாயால் எதிர்த்த ஒன்றைத் தானே தொடர்ந்து பின்பற்றுவது மனத்துக்கு உறுத்தலாகிவிடும். உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1957-இல் விளக்கிய அந்த உறுத்தலே இங்கே மருந்தாகிறது. டெக்சாஸின் டிரினிட்டி பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் கரோலின் பெக்கர் ஒரு படி மேலே சென்று, மாணவியரையே பயிற்றுவித்து அமர்வுகளை நடத்தச் செய்தார், அதுவும் பலன் தந்தது. உங்கள் விடுதியில் மூத்த மாணவியர் எட்டுப் பேர் கிடைத்தால் போதும், பேச்சாளர் தேவையில்லை.

ஆனால் அந்த அமர்வுகளில் மெலிவை மட்டுமே பேசினால் நம் ஊருக்கு அது பொருந்தாது. 1975-இல் விற்பனைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' களிம்பு, வெண்மையைக் குறிக்கும் சொல்லைத் தன் பெயரிலிருந்து நீக்கியது 2020-இல்தான். அந்த நாற்பத்தைந்து ஆண்டுகளில் வளர்ந்தவர்கள்தாம் இன்று உங்கள் மாணவியரின் தாய்மார், நாமும்கூட. எனவே நிறத்தைப் பற்றியும், வரன் தேடும் விளம்பரங்களைப் பற்றியும், விடுமுறை முடிந்து திரும்பும் பெண்ணிடம் முதல் சொல்லாக நாம் கேட்கும் "என்னம்மா, இப்படிக் கறுத்துட்டே?", "ஒரு சுற்றுப் பெருத்துட்டியே?" என்ற விசாரிப்புகளைப் பற்றியும் அந்த அமர்வுகளில் பேச வேண்டும். இவற்றை அக்கறையாக நினைத்தே கேட்கிறோம், எனக்கும் அந்தப் பழக்கம் இருந்தது. ஊரில் மழை பெய்ததா, பாட்டி நலமா என்று கேட்டாலும் அதே அக்கறை போய்ச் சேர்கிறது என்பதைத் தாமதமாகத்தான் அறிந்தேன். ஆசிரியர்களும் விடுதிப் பணியாளர்களும் முதலில் இந்தக் கேள்வியைக் கைவிட வேண்டும். "இளைத்து அழகாகிவிட்டாய்" என்ற பாராட்டும் இதில் அடங்கும். உண்ணாமல் இளைத்தவளுக்கு அது, தொடர்ந்து செய் என்ற கட்டளையாகவே கேட்கும்.

ஆண்கள் விடுதியிலும் இதைத் தொடங்க வேண்டும் என்பேன். உயரக் குறைவையும் ஒல்லியான தோள்களையும் பற்றிய வேதனையை அவர்கள் உடற்பயிற்சிக் கூடத்திலும் புரத மாவிலும் மறைத்துக்கொள்கிறார்கள்.

மயங்கி விழுந்த அந்த மாணவிக்கு நிகழ்ச்சி வரை காத்திருக்க நேரமில்லை. மாதவிலக்கு நின்றிருக்கிறதா, உண்டபின் வாந்தி எடுக்கிறாளா என்பதைத் தனியே அமர்ந்து, எடையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் கேளுங்கள். இவ்விரண்டில் ஒன்று இருந்தாலும், இல்லாவிட்டாலும், அவளை இந்த வாரமே மருத்துவரிடம் நீங்களே உடன் அழைத்துச் செல்லுங்கள். இரவில் அவளுக்குப் பேச ஆள் வேண்டுமெனில் அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண் 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். அந்த எண்ணை விடுதி உணவுக்கூடத்தின் சுவரில், கைகழுவும் இடத்துக்கு அருகில் எழுதி வையுங்கள்.

அன்புடன்.